வர்த்தக சங்கத்தில் சேர்ந்து பயன் பெறுவது எப்படி: சிறுதொழில் செய்வோருக்கான படிப்படியான வழிகாட்டி

தென் மாவட்டம் ஒன்றில் சிறிய அளவில் மசாலாப் பொடி தயாரித்து, உள்ளூர்க் கடைகளுக்கும் ஓரளவு வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பிவருகிறேன். தொழில் வர்த்தக சங்கம், அதாவது எல்லோரும் பேச்சில் சொல்லும் ‘சேம்பர்’, பெரிய ஆலை முதலாளிகளுக்கான இடம் என்ற எண்ணம் எங்கள் பகுதிச் சிறுதொழிலாளர்களிடம் இன்றும் இருக்கிறது. அங்கே எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை, எந்தக் காகிதத்தை எப்போது கொண்டுபோக வேண்டும் என்பதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் ஒவ்வொன்றையும் அலைந்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புதிதாக வருபவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஒவ்வொரு சங்கத்தின் விதியும் சற்று மாறும் என்பதால் கட்டணத்தையும் படிவத்தையும் உங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1. எந்தச் சங்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சங்கம் என்ற பெயரில் ஊரில் பல அமைப்புகள் இருக்கும். கடைத்தெருவில் சந்தா வசூலிக்கும் வணிகர் சங்கம் கடையடைப்பு, வாடகை, மாநகராட்சி வரி போன்றவற்றைக் கவனிக்கும். மதுரையில் மடீட்சியா, கோவையில் கொடிசியா போன்றவை உற்பத்தி செய்யும் சிறு, குறுந்தொழில்களுக்கான சங்கங்கள். தொழிற்பேட்டை மனை, மின்கட்டணம், மூலப்பொருள், தொழிற்காட்சி ஆகியவற்றில் இவற்றின் கை ஓங்கியிருக்கும். மதுரையில் உள்ள தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம், தூத்துக்குடியிலும் கோவையிலும் உள்ள இந்தியத் தொழில் வர்த்தக சங்கங்கள் போன்ற சேம்பர்களில் வணிகர், உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர், சேவைத் துறையினர் என எல்லோரும் உறுப்பினராகலாம். ஏற்றுமதி ஆவணங்களில் கையொப்பமிடும் அதிகாரமும் இப்படிப்பட்ட சங்கங்கள் பலவற்றுக்கு உண்டு. மாவட்டத் தொழில் மையம் இவற்றில் சேராது. அது அரசு அலுவலகம், அங்கே உறுப்பினர் என்ற பேச்சே இல்லை.

உங்கள் தேவை ஏற்றுமதி ஆவணமா, வங்கிக் கடனா, வர வேண்டிய பணமா, புதிய வாடிக்கையாளரா என்று எழுதிப் பாருங்கள். ஏற்றுமதி செய்பவராக இருந்தால், சங்க அலுவலகத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளியிட்டுள்ள பிற்சேர்க்கை 2இ பட்டியலில் அந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்பதுதான். மூலச் சான்றிதழ் வழங்க அனுமதி பெற்ற அமைப்புகளின் பட்டியல் அது. பெயர் இல்லாத சங்கத்தில் எவ்வளவு பெரிய மனிதர் தலைவராக இருந்தாலும் அந்தச் சான்றிதழை அங்கே வாங்க முடியாது.

உள்நாட்டு விற்பனை மட்டுமே செய்பவருக்கு உங்கள் பொருளுக்கான தொழில் சங்கமே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. இரண்டிலும் சேர்ந்து இரண்டுக்கும் சந்தா கட்டிவிட்டு எதற்கும் போகாமல் இருப்பவர்கள் அதிகம்.

2. சேருவதற்கு முன்பே பெயரையும் முகவரியையும் ஒன்றாக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பான் அட்டை, ஜி.எஸ்.டி. பதிவு, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம், ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண், வங்கி நடப்புக் கணக்கு, உணவுப் பொருளாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகிய எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சங்கத்தில் உறுப்பினர் சான்றிதழ் எந்தப் பெயரில் அச்சாகிறதோ அதே பெயரில்தான் பின்னால் எல்லாக் கடிதங்களும் வரும்; அங்கே தொடங்கும் பிழை சுங்கத் துறை வரைக்கும் கூடவே போகும்.

நடைமுறையில் எங்கே மாறுபடுகிறது என்றால், ஜி.எஸ்.டி. பதிவில் ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் பெயர் வங்கிக் கணக்கில் ‘ஸ்ரீ’ இல்லாமல் இருக்கும். ஓர் ஆவணத்தில் பழைய கதவு எண், இன்னொன்றில் புதிய கதவு எண், மூன்றாவதில் இரண்டும் சாய்கோட்டுக்கு இருபுறமும் இருக்கும். தெருப் பெயரில் ‘மேற்கு’ என்ற சொல் ஓரிடத்தில் விடுபட்டிருக்கும். தனி உரிமையாளர் நிறுவனமாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்; ஜி.எஸ்.டி. சான்றிதழில் சட்டப்பூர்வப் பெயர் என்ற இடத்தில் உரிமையாளர் பெயரும், வணிகப் பெயர் என்ற இடத்தில் நிறுவனப் பெயரும் இருக்கும். ஐ.இ.சி. நிறுவனப் பெயரில் இருக்கும். விண்ணப்பப் படிவத்தில் நிறுவனப் பெயரை எழுதி, அதன் கீழ் உரிமையாளர் இன்னார் என்று குறிப்பிடுவதே இதற்குத் தீர்வு.

திருத்தம் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் ஜி.எஸ்.டி. பதிவைத் திருத்துங்கள், முகவரி, வணிகப் பெயர் போன்ற முக்கியத் திருத்தங்களுக்கு அதிகாரியின் ஒப்புதல் தேவை, அதற்கு 15 வேலை நாட்கள் வரை ஆகலாம். அது முடிந்தபின் அந்தச் சான்றிதழைக் காட்டி வங்கியிலும், பிறகு ஐ.இ.சி.யிலும், கடைசியாக உத்யமிலும் மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் ஒவ்வோர் இடத்திலும் மற்றதைக் கேட்பார்கள்.

உத்யம் பதிவு பற்றி இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அது முற்றிலும் இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் அரசின் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் அரசு முத்திரை போன்ற படத்தைப் போட்டுக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்குகின்றன. இரண்டாவது, பதிவின்போது தேர்ந்தெடுக்கும் தொழில் குறியீடு. நீங்கள் பொருளை உற்பத்தி செய்தும் விற்றும் வருகிறீர்கள் என்றால் உற்பத்திக்கான குறியீட்டை அவசியம் சேர்க்க வேண்டும். வெறும் வணிகம் என்று பதிந்தால், முன்னுரிமைத் துறைக் கடன் தவிர வேறு சலுகைகள் உங்களுக்குச் சேராது. ஏழாவது பகுதியில் சொல்லப்போகும் நிலுவைத் தொகைப் பாதுகாப்பும் கிடைக்காது. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரையறையின்படி, இயந்திரம், தளவாட முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். 25 கோடிக்குள்ளும் 100 கோடிக்குள்ளும் இருந்தால் சிறுதொழில்.

3. விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு

படிவத்துடன் பொதுவாகக் கேட்பவை: பான் நகல், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ், உத்யம் சான்றிதழ், கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் கூட்டாண்மைப் பத்திரம், கம்பெனியாக இருந்தால் பதிவுச் சான்றிதழும் இயக்குநர் குழுத் தீர்மானமும், சங்கத்தில் உங்கள் நிறுவனத்தின் சார்பில் பங்கேற்பவரின் பெயர், ஒளிப்படம், மாதிரிக் கையொப்பம். இந்த மாதிரிக் கையொப்பத்தை அலட்சியமாகப் போடாதீர்கள். பின்னால் நீங்கள் கொடுக்கும் ஒவ்வோர் ஆவணத்தின் கையொப்பத்தையும் இதனுடன்தான் ஒப்பிடுவார்கள். கணவர் பெயரில் நிறுவனம், வேலை முழுவதையும் பார்ப்பவர் மனைவி என்ற நிலை இருந்தால், இருவர் கையொப்பத்தையும் தொடக்கத்திலேயே அங்கீகாரக் கடிதத்துடன் பதிந்துவிடுங்கள்.

பல சங்கங்களில் ஏற்கெனவே உறுப்பினராக உள்ள இருவர் முன்மொழியவும் வழிமொழியவும் வேண்டும். யாரையும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். உங்களுக்கு மூலப்பொருள் தரும் மொத்த வியாபாரியும், உங்கள் ஆடிட்டரின் மற்ற வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் உறுப்பினர்களாக இருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் சங்கச் செயலாளரிடமே சொன்னால் ஏற்பாடு செய்வார்.

கட்டணத்தில் நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா என்று இரண்டு பகுதிகள் இருக்கும். இவற்றின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும். சந்தா, விற்றுமுதலைப் பொறுத்தோ உறுப்பினர் வகையைப் பொறுத்தோ மாறும். ஆயுட்கால உறுப்பினராகச் சேரச் சொல்லி வற்புறுத்துவார்கள். ஓராண்டு சாதாரண உறுப்பினராக இருந்து, எத்தனை முறை உண்மையில் பயன்பட்டது என்று பார்த்துவிட்டு அதை முடிவு செய்யலாம். ரசீதை உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணுடன் கேட்டு வாங்குங்கள். உள்ளீட்டு வரியை எடுக்கலாமா என்பதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

பணம் கட்டிய அன்றே உறுப்பினராகிவிடுவோம் என்று எண்ணுவது பொதுவான தவறு. விண்ணப்பம் செயற்குழுக் கூட்டத்தில் வைக்கப்பட்டு ஏற்கப்பட வேண்டும். அது பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும். கூட்டம் முடிந்த மறுநாள் விண்ணப்பம் கொடுத்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்க நேரும். சரக்கு கப்பலுக்குத் தயாராகி நிற்கும்போது சங்கத்தில் சேர ஓடாதீர்கள். இரண்டு மாதம் முன்பே சேர்ந்துவிடுங்கள்.

4. அலுவலகத்தை அறிந்துகொள்ளுங்கள்

தலைவர், துணைத் தலைவர் ஆகியோரைவிட உங்களுக்கு அன்றாடம் பயன்படப்போகிறவர் சங்கத்தின் செயலாளரும், ஆவணப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஊழியரும்தான். சேர்ந்த முதல் வாரத்தில் நேரில் போய், எந்த நேரம் வரை ஆவணங்கள் வாங்குவார்கள், கையொப்பமிடும் அதிகாரி எந்த நாட்களில் வருவார், சனிக்கிழமை வேலை உண்டா, அவசரத்துக்கு யாரிடம் பேச வேண்டும் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சங்கத்தின் சுற்றறிக்கைகள் எந்த மின்னஞ்சலுக்கு வருகின்றன என்பதையும் பாருங்கள். ஆடிட்டரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எதுவுமே வரவில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு.

ஜி.எஸ்.டி., தொழிலாளர் சட்டம், உணவுப் பாதுகாப்பு பற்றிச் சங்கம் நடத்தும் அரைநாள் வகுப்புகளில், பேச்சாளர் பேசி முடித்தபின் வரும் கேள்வி நேரத்துக்காகவே போகலாம். துறை அதிகாரி வந்திருக்கும்போது உங்கள் சிக்கலைச் சொந்தப் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுவிட முடியும்.

5. மூலச் சான்றிதழ்: சங்கத்தின் மிக முக்கியமான கையொப்பம்

இந்தச் சரக்கு இந்தியாவில் உருவானது என்று உறுதிசெய்யும் ஆவணமே சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின் எனப்படும் மூலச் சான்றிதழ். வெளிநாட்டு வாங்குநரின் சுங்கத் துறையோ, பணம் தருவதாக அவருடைய வங்கி பொறுப்பேற்றுத் தரும் கடிதமான எல்.சி.யோ இதைக் கேட்கும். இதில் இரண்டு வகை இருப்பதை அறியாமல் தவறான வகையை வாங்கி அனுப்புவதே பெரிய பொறி.

ஒன்று, சாதாரண வகை. இதனால் வரிச் சலுகை எதுவும் கிடைக்காது. சரக்கின் நாடு எது என்று மட்டும் சொல்லும். வர்த்தக சங்கங்கள் பெரும்பாலும் வழங்குவது இதைத்தான். மற்றது, சலுகை வகை. இந்தியா ஒப்பந்தம் செய்துள்ள நாடுகளுக்கு அனுப்பும்போது வாங்குநருக்கு இறக்குமதி வரி குறைவதற்கான சான்றிதழ் அது; ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, இலங்கையுடனானது 2000ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதை வழங்க அதிகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியல் வேறு. பொருள் எந்த அளவுக்கு இந்தியாவில் உருவானது என்பதற்கான கணக்கையும் அதற்குக் காட்ட வேண்டும். எனவே ஆர்டர் உறுதியானவுடன் துபாய் வாங்குநரிடம், வரிச் சலுகை கோரப்போகிறீர்களா, எந்த வகைச் சான்றிதழ் வேண்டும் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். சாதாரணச் சான்றிதழை அனுப்பிவிட்டால், அவர் கட்டிய வரியை அடுத்த ஆர்டரின் விலையில் கழித்துக்கொள்ளப் பார்ப்பார்.

முன்பு போல மூன்று பிரதிகள் எடுத்துச் சென்று முத்திரை வாங்கும் முறை இப்போது இல்லை. 2025 ஜனவரி 1 முதல் சாதாரண வகைச் சான்றிதழையும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையத் தளத்தில்தான் விண்ணப்பித்துப் பெற வேண்டும். அதன் வரிசை இது:

முதலில், ஐ.இ.சி. எண் செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக எடுக்க அரசுக் கட்டணம் 500 ரூபாய். எடுத்தபின், விவரம் எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் தளத்தில் நுழைந்து உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் முடக்கப்படும். ஜூலையில் சரக்கு அனுப்பப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

இரண்டாவது, டிஜிட்டல் கையொப்பம். ஆதார் வழியாகக் கையொப்பமிடும் வசதியும் இப்போது தளத்தில் உண்டு. டிஜிட்டல் கையொப்பச் சாதனம் வாங்குவதாக இருந்தால் அதன் காலாவதி நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, சங்கத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்துகொள்வது. முதன்முறை வரும்போது, தரும் விவரங்களுக்கு நாங்களே பொறுப்பு என்று முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் சில சங்கங்களில் கேட்பார்கள். இதன் வாசகத்தைச் சங்கத்திடமே வாங்கித் தட்டச்சு செய்யுங்கள். கடைத்தெருவில் கிடைக்கும் பொதுவான வாசகத்தை ஏற்க மாட்டார்கள்.

நான்காவது, தளத்தில் விண்ணப்பம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் ஆகியவற்றை ஏற்றி, வழங்கும் அமைப்பாக உங்கள் சங்கத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டணத்தையும் தளத்திலேயே கட்ட வேண்டும். வெளியில் இதற்காகவே இருக்கும் ஏஜென்ட் கேட்கும் தொகையுடன் ஒப்பிட்டால் அரசுக் கட்டணம் மிகவும் சிறியது. ஒருமுறை சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து ஊழியர் உதவியுடன் செய்துவிட்டால் அடுத்த முறை உங்கள் அலுவலகத்திலிருந்தே செய்துவிடலாம்.

எல்.சி. வழியாகப் பணம் வர வேண்டிய சரக்கு என்றால் இன்னும் கவனம் தேவை. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. பொருளின் விவரம், பெட்டிகளின் எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை, வாங்குநரின் அஞ்சல் பெட்டி எண் ஆகியவை எல்.சி., இன்வாய்ஸ், கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங், மூலச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது. இன்வாய்ஸில் 240 அட்டைப்பெட்டி என்றும் சான்றிதழில் 240 பை என்றும் இருந்தால் வங்கி ஆவணத்தைத் திருப்பிவிடும். ஒவ்வொரு திருப்பலுக்கும் வெளிநாட்டு வங்கி டாலரில் கட்டணம் பிடிக்கும். ஆகவே விண்ணப்பத்தை அனுப்பும் முன் எல்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசிக்க இன்னொருவர் திரையில் சரிபாருங்கள். பிழையுடன் வெளிவந்த சான்றிதழுக்குப் பதில் சான்றிதழ் வாங்கவும் தளத்தில் வழி இருக்கிறது, ஆனால் அதற்குள் ஆவணங்களை வங்கியில் சமர்ப்பிக்கும் கெடு நெருங்கிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சங்க உறுப்பினர் சான்றிதழை, ஆர்.சி.எம்.சி. எனப்படும் ஏற்றுமதியாளர் பதிவு, உறுப்பினர் சான்றிதழ் என்று நினைத்துவிடாதீர்கள். அதை உங்கள் பொருளுக்குரிய ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுமமோ வாரியமோதான் தர வேண்டும். மசாலாப் பொருள் என்றால் நறுமணப் பொருள் வாரியத்தில் ஏற்றுமதியாளராகத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

6. சான்றொப்பமும் விசாப் பரிந்துரையும்

வெளிநாட்டில் முகவர் நியமிப்பதற்கான அதிகாரப் பத்திரம், விலைப்பட்டியல், ஒப்பந்தம் போன்ற வணிக ஆவணங்களுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் (உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் சான்று) அல்லது சான்றொப்பம் வேண்டுமானால், முதலில் வர்த்தக சங்கம் அந்த ஆவணத்தில் சான்றொப்பமிட்டிருக்க வேண்டும். அப்போஸ்தில் உடன்படிக்கையில் சேராத நாடாக இருந்தால் அதன் பிறகு தூதரகச் சான்றொப்பமும் தேவைப்படும். வரிசை சங்கம், அமைச்சகம், தூதரகம் என்பது. தூதரகக் கட்டணம்தான் இதில் கையைக் கடிக்கும்; ஆகவே அது உண்மையிலேயே வேண்டுமா என்று வாங்குநரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

வணிக விசாவுக்குச் சங்கம் தூதரகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தரும். அழைப்புக் கடிதம், கடவுச்சீட்டு நகல், நிறுவனத்தின் தலைப்புத்தாளில் பயண நோக்கம், தேதி ஆகியவற்றுடன் ஒரு வாரம் முன்பே கொடுங்கள். உறுப்பினர் நிறுவனத்தின் உரிமையாளருக்கோ ஊழியருக்கோ மட்டுமே தருவார்கள்; உடன் வரும் உறவினர் பெயரையும் சேர்க்கச் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம்.

7. வர வேண்டிய பணம் வராதபோது

சரக்கு வாங்கியவர் பணம் தரவில்லை என்று சங்கத்தில் புகார் செய்தால் அவர்கள் பிடித்துக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து வருபவர்களே அதிகம். எதிர்த் தரப்பும் அதே சங்கத்தின் உறுப்பினர் என்றால் இருவரையும் உட்காரவைத்துப் பேசச் சில சங்கங்களில் சமரசக் குழு உண்டு, அது பலமுறை பலிக்கவும் செய்கிறது. வேறு ஊர்க் கம்பெனி என்றால் சங்கத்தின் கடிதம் ஒரு நினைவூட்டல் மட்டுமே. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வழிகாட்டுவதில் சங்கம் உண்மையாகவே உதவும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. இதற்கான அரசின் இணையத் தளத்தில் புகார் பதிந்தால் அது மாநில வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு இடங்களில் மண்டல மன்றங்கள் உள்ளன. முதலில் சமரசம், அது தோற்றால் நடுவர் தீர்ப்பு. 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும் என்பதால் பலர் அதற்கு முன்பே பேச வருவார்கள்.

இதில் மூன்று இடங்களில் புகார்கள் சறுக்குகின்றன. சரக்கு அனுப்பிய நாளில் உத்யம் பதிவு இல்லாமல் பின்னர் எடுத்திருந்தால் எதிர்த் தரப்பு அதையே முதல் ஆட்சேபணையாக வைக்கும். ஆகவே பதிவு முதலில், விற்பனை பிறகு. அடுத்து, சரக்கு சேர்ந்ததற்கான ஒப்புகை. லாரி ரசீதின் பின்புறம் வாங்குநரின் முத்திரையும் தேதியும் கையொப்பமும் இருக்க வேண்டும். ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தியை நம்பி இருக்காதீர்கள். பொருள் சேர்ந்து 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும் என்பதால் அந்தத் தேதிக்கு மதிப்பு அதிகம். மூன்றாவது, இன்வாய்ஸிலேயே உத்யம் எண்ணை அச்சிடுவது. வாங்கும் கம்பெனி குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்தில் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டு முதல் இருக்கிறது. உங்கள் எண் அவர்களுடைய கணக்குப் பிரிவின் கண்ணில் படும்படி இருந்தால் மார்ச் மாதத்தில் பணம் தானாகவே வருவதைப் பார்க்கலாம். வெறும் வணிகராகப் பதிந்தவர்களுக்கு இது பொருந்தாது.

250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் டிரெட்ஸ் எனப்படும் பில் தள்ளுபடித் தளங்களில் சேர வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட கம்பெனிக்குச் சரக்குக் கொடுப்பவராக இருந்தால், பில்லை அங்கே தள்ளுபடி செய்து முன்கூட்டியே பணம் எடுப்பது பற்றிச் சங்கத்தில் கேளுங்கள்.

8. கடனும் மானியமும்

சங்கம் கடன் தராது, சிபாரிசும் செய்யாது. வங்கி அதிகாரிகளை அழைத்து நடத்தும் கடன் முகாம், திட்ட அறிக்கை தயாரிப்பவரின் அறிமுகம், எந்தத் திட்டத்துக்கு நீங்கள் தகுதி உடையவர் என்ற ஆலோசனை ஆகியவை கிடைக்கும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் மானியம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 1.5 கோடி, குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம். விண்ணப்பம் போகும் இடம் மாவட்டத் தொழில் மையமும் அந்தந்தத் திட்டத்தின் இணையத் தளமும்தான். திட்டம் நடப்பாண்டில் தொடர்கிறதா, ஒதுக்கீடு இருக்கிறதா என்று அங்கே கேட்டபின் திட்ட அறிக்கைக்குச் செலவழியுங்கள்.

மானியத்தில் இத்தனை விழுக்காடு கமிஷன் தந்தால் முடித்துத் தருகிறேன் என்று சங்கக் கூட்ட வாசலிலேயே அட்டை நீட்டுபவர்கள் இருப்பார்கள். ஒதுங்கிவிடுங்கள். அதேபோல், கடன் ஒப்புதல் வரும் முன் இயந்திரத்துக்கு முழுப் பணம் கட்டிவிட்டால் பல திட்டங்களில் மானியம் மறுக்கப்படும். குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குக் குறு, சிறு நிறுவனத்திடம் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கிளையில் கேட்டால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு மாறும்.

9. உங்கள் குறையைச் சங்கத்தின் மனுவில் ஏற்றுவது

பட்ஜெட்டுக்கு முன் மத்திய, மாநில நிதி அமைச்சர்களுக்குச் சங்கங்கள் கோரிக்கை மனு தருகின்றன. சரக்கு ரயில், பயணிகள் ரயில் பற்றி ரயில்வேயின் பயனாளர் ஆலோசனைக் குழுக்களிலும், துறைமுகத் தாமதம் பற்றிச் சுங்கத் துறையின் வர்த்தக வசதிக் குழுக்களிலும் சங்கப் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். ஒரு சிறுதொழிலாளி தனியாக எழுதும் கடிதம் அங்கே கோப்பில் புதையும். சங்கத்தின் பெயரில் போகும் மனுவுக்கு மறுமொழி வர வாய்ப்பு அதிகம்.

இதற்கு உங்கள் குறையை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: எந்த விதி அல்லது நடைமுறை, அதனால் ஒரு சரக்குக்கு எத்தனை நாள், எவ்வளவு ரூபாய் இழப்பு, என்ன மாற்றம் வேண்டும். அதே பாதிப்புள்ள மற்ற உறுப்பினர்கள் நான்கைந்து பேரின் கையொப்பத்தையும் இன்வாய்ஸ் நகல்களையும் இணையுங்கள். கணக்கு இல்லாத குறையைச் செயற்குழுவால் மேலே கொண்டுபோக முடியாது. மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1 அன்று வருவதால் அதற்கான கோரிக்கைகளை அக்டோபர், நவம்பரிலேயே தர வேண்டும். ஜனவரியில் கொடுத்தால் அடுத்த ஆண்டுக்குத்தான். உங்கள் ஒரு கணக்கில் வந்த வரி நோட்டீஸ் போன்ற சொந்த வழக்கை இங்கே கொண்டுவராதீர்கள், அது ஆடிட்டரின் வேலை.

10. புதுப்பித்தல்

பல சங்கங்களில் சந்தா ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதைத் தவறவிட்டால் வாக்குரிமை போவதுடன், உறுப்பினர் அல்லாதவருக்கான கூடுதல் கட்டணத்தில்தான் ஆவணம் வாங்க வேண்டியிருக்கும். நீண்ட நாள் விட்டால் நுழைவுக் கட்டணத்தை மீண்டும் கேட்பதும் உண்டு. ஐ.இ.சி. உறுதிசெய்தலும், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதமான எல்.யு.டி.யும் ஏறக்குறைய அதே பருவத்தில் வருவதால், மூன்றையும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். இடம் மாறினாலோ, பங்குதாரர் மாறினாலோ, சங்கத்துக்குப் புதிய ஜி.எஸ்.டி. சான்றிதழுடன் எழுத்தில் தெரிவித்து, மாதிரிக் கையொப்பப் படிவத்தையும் புதிதாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கி வையுங்கள்.